அம்மா போன்ல 1,400 ஸ்டெப்ஸ்தான் காட்டுது, அண்ணன் நம்ப மாட்டேங்கிறான் – ஸ்டெப் கவுண்டர் வச்சிருக்கவங்க வாங்க

வைகைக்கரை:
மக்களே ஒரு ஹெல்ப். அம்மாவுக்கு 63 வயசு, மதுரையில எங்க கூடத்தான் இருக்காங்க. போன மாசம் சுகர் டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) 7.8 வந்துச்சு, டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டு தெனமும் நடங்கம்மான்னு அனுப்பிட்டார். இதைக் கேட்டதும் சிங்கப்பூர்ல இருக்க எங்க அண்ணன் வீடியோ கால்லயே என்னைய வச்சு அம்மா போன்ல ஸ்டெப் கவுண்டர் ஆப் போட வச்சு, தெனம் நைட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பணும்னு ஆர்டர் போட்டுட்டான். அம்மா காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சா நைட்டு பத்து வரைக்கும் உக்கார மாட்டாங்க, வாசல் தெளிச்சு கோலம் போடுறது, துணி காயப்போட மாடி ஏறி இறங்குறது, ரேஷன் கடை, பேரனை வேன் ஏத்தி விடுறது எல்லாம் அவங்கதான், ஆனா போன் என்னமோ 1,400ன்னு காட்டுது, சில நாள் ஆயிரத்தையே தாண்டல. அண்ணன் ஃபேமிலி குரூப்ல "அம்மா சீரியல் முன்னாடியே உக்காந்திருக்காங்க, நீயும் சேந்து மறைக்கிற"ன்னு போட்டுட்டான். அம்மா அன்னைக்கு நைட்டு சாப்பிடவே இல்ல. ஆப் சரியில்லையா, போன் சரியில்லையா? பட்ஜெட் ஆண்ட்ராய்டுதான், ரெண்டு வருஷம் பழசு.

போன்டாக்டர்:
ஒரே ஒரு கேள்வி மேடம். அம்மா போனை எங்க வச்சிருப்பாங்க?

வைகைக்கரை:
ஃபிரிட்ஜ் மேல. சார்ஜர் பாயிண்ட் அங்கதான் இருக்கு. சேலையில ஏது சார் பாக்கெட்.

போன்டாக்டர்:
அப்ப உங்க ஃபிரிட்ஜுக்கு நிச்சயமா எக்சர்சைஸ் பத்தல.

சரி சீரியஸா சொல்றேன். போன் உங்க காலைப் பாக்குறதில்ல, தான் ஆடுறதைத்தான் பாக்குது. உள்ள ஆக்சிலரோமீட்டர்னு ஒரு குட்டி சென்சார், மேல கீழ, முன்ன பின்ன, இட வலம்னு மூணு பக்கமும் எவ்ளோ குலுங்குதுன்னு அளக்கும். நாம நடக்கும்போது அந்தக் குலுக்கல் ஒரே தாளத்துல வரும்ல, அந்த மேடு பள்ளத்தை எண்ணித்தான் ஸ்டெப்னு காட்டுது. 2013லயே இதுக்குன்னு தனியா பேட்டரி திங்காம எண்ணுற வசதி வந்துருச்சு, ஐபோன் 5எஸ்ல எம்7 சிப், ஆண்ட்ராய்டு பக்கம் கிட்கேட் 4.4 வெர்ஷன்ல ஸ்டெப் கவுண்டர் சென்சார். அதனால பழைய போன்ங்கிறது பிரச்சனையே இல்ல, ரெண்டு வருஷ போன் தாராளமா எண்ணும்.

இன்னொரு விஷயம். ஒரு ஸ்டெப் ரெண்டு ஸ்டெப் வந்தா ஆல்காரிதம் உடனே நம்பாது, போனை டேபிள்ல இருந்து எடுத்தாக்கூட குலுங்குமே. அதனால வரிசையா சில ஸ்டெப் ஒரே சீரா வந்தாத்தான் "ஓ நடக்குறாங்க"ன்னு கணக்குல சேக்கும். கிச்சன்ல என்ன நடக்குது? அடுப்புல இருந்து சிங்க் மூணு எட்டு, அங்க நின்னு ரெண்டு பாத்திரம் அலசல், திரும்பி மேடைக்கு ரெண்டு எட்டு. போன் இடுப்புலயே இருந்தாலும் இதுல பாதி விழாது.

ரேஸ்கோர்ஸ்நடையன்:
கோயமுத்தூருங்க. நான் ரிட்டயர் ஆனதுல இருந்து ரேஸ்கோர்ஸ்ல நடந்துட்டு இருக்கேனுங்க, ஒரு ரவுண்டு சுமாரா ரெண்டரை கிலோமீட்டர், மூணு ரவுண்டு அடிச்சா பத்தாயிரம் பக்கம் வந்துருமுங்க. போன் சட்டைப் பாக்கெட்ல. பத்தாயிரம் முடியாம நான் வூட்டுக்குள்ள காலு வைக்கறதில்லீங்க, கேட்டுக்கிட்ட 9,800ன்னு நின்னா தெருவுல இன்னொரு நடை போயிட்டுத்தான் உள்ள வருவேன், வூட்ல அம்மணி சிரிப்பாங்க. சுகருக்கு பத்தாயிரம்தானுங்க கணக்கு, அதுக்குக் கம்மியா நடந்து ஒண்ணும் பிரயோஜனமில்லைங்க. அம்மாவ காலைல ஒரு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கிச்சன் நடையெல்லாம் நடையே இல்லீங்க.

வார்டுசிஸ்டர்:
ஐயா வணக்கம், உங்க ஒழுக்கத்துக்கு ஒரு சல்யூட், ஆனா அந்த "கம்மியா நடந்து பிரயோஜனமில்ல"ங்கிறத மட்டும் விட முடியாது. நான் நர்ஸ், சுகர் கிளினிக்ல தெனம் இந்தப் பேச்சுதான்.

பத்தாயிரம் டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச நம்பர் இல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டுல, 1965ல யமாசாங்கிற ஜப்பான் கம்பெனி இடுப்புல மாட்டுற பெடோமீட்டர் ஒண்ணை வித்துச்சு, அதோட பேர்லயே பத்தாயிரத்தைச் சேத்து வித்தாங்க, அப்படியே உலகம் பூரா ஒட்டிக்கிச்சு. ஆராய்ச்சியெல்லாம் பின்னாடி வந்ததுதான். 2019ல ஹார்வர்டுல ஐ-மின் லீ குழு அமெரிக்காவுல சராசரி 72 வயசுப் பொம்பளைங்க பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை வச்சுப் பாத்தாங்க. ஒரு நாளைக்கு 2,700 ஸ்டெப் நடந்தவங்களைவிட 4,400 நடந்தவங்க குரூப்ல சாவு 41 சதவீதம் கம்மி. 7,500 வரைக்கும் நல்லது கூடிட்டே போகுது, அதுக்கு மேல கோடு தட்டையாயிடுது. நல்ல தெம்பா இருக்கவங்கதான் ஜாஸ்தி நடப்பாங்கங்கிறதும் இதுல கலந்திருக்கு, அதனால நடைதான் காப்பாத்துச்சுன்னு அப்படியே எடுத்துக்கக் கூடாது. 2022ல 15 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தப்பவும் 60 வயசு தாண்டினவங்களுக்கு ஆறாயிரத்துல இருந்து எட்டாயிரத்துக்குள்ள தட்டையாகுதுன்னுதான் வந்துச்சு.

இந்த ஆய்வுகள்ல நம்பர் எடுத்தது பெரும்பாலும் இடுப்புலயோ உடம்புலயோ கட்டின மீட்டர்ல. ஃபிரிட்ஜ் மேல வச்ச போன் நம்பரை அதோட வச்சுப் பாத்தா எல்லாருமே சீக்கிரம் போய்ச் சேர வேண்டியதுதான்!

ரேஸ்கோர்ஸ்நடையன்:
சரிங்க சிஸ்டர், ஒத்துக்கறேன். ஆனா நான் பத்தாயிரத்த விடமாட்டேனுங்க.

வார்டுசிஸ்டர்:
விடாதீங்க ஐயா, முட்டி வலிக்காத வரைக்கும் நடங்க!

சிங்கைசெல்வம்:
நானும் சிங்கப்பூர்தான், உங்க அண்ணன் பக்கமும் கொஞ்சம் பேசணும். இங்க 2015ல இருந்து நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்னு கவர்மெண்டே நடத்துது, ஹெல்தி 365 ஆப்ல ஸ்டெப் சேத்தா பாயிண்ட் விழும், பாயிண்டை வவுச்சரா மாத்திக்கலாம். லிஃப்டுக்கு நிக்கும்போது பக்கத்து வீட்டு ஆண்ட்டி மணிக்கட்டைத்தான் பாத்துட்டு நிப்பாங்க. அந்த ஊர்ல இருக்கவனுக்கு ஸ்டெப்னா ஒரு நம்பிக்கை வந்துருது, அது தப்பில்ல. அம்மாவைப் பக்கத்துல இருந்து பாக்க முடியல, கைல இருக்கறது அந்த ஒரு நம்பர்தான், அதைப் புடிச்சுட்டுத் தொங்குறார். இதை அதிகாரம்னு மட்டும் எடுத்துக்காதீங்க வைகைக்கரை.

வைகைக்கரை:
அக்கறை இருக்குன்னு எனக்குத் தெரியும் ப்ரோ. ஆனா அக்கறைய குரூப்ல பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் பாக்க ஸ்க்ரீன்ஷாட்டா போடுறதுக்குப் பேரு என்ன? அம்மா சாப்ட்டாங்களா, கால் வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல, போன் எடுத்ததும் "இன்னைக்கு எவ்ளோ". பரீட்சை மார்க் கேக்குற மாதிரி.

சிங்கைசெல்வம்:
குரூப்ல போட்டது தப்புதான். அதுல உங்க பக்கம்.

ஓஎம்ஆர்_பையன்:
நம்பர்தான் வேணும்னா வழியா இல்ல. எங்க ஆபீஸ்ல டீம் டீமா ஸ்டெப் சேலஞ்ச் வச்சாங்க, ஜெயிச்ச டீமுக்கு கிஃப்ட் கார்டு. ஒருத்தர் வீட்ல குழந்தைத் தூளில போனைச் சொருகிட்டு ஆட்டிட்டு இருந்திருக்கார், குழந்தை தூங்கத் தூங்க அவருக்கு ஸ்டெப் ஏறிட்டே இருந்துச்சு, லீடர்போர்டுல ரெண்டாவது இடம். ஆன்லைன்ல போனை வச்சா தானா ஆடிட்டே இருக்குற ஸ்டாண்டே விக்குறாங்க தேடிப் பாருங்க. சில ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசில ஸ்டெப்புக்கு டிஸ்கவுண்ட் இருக்குல்ல, அதுக்காகவே வாங்குறாங்க. வண்டில போறவங்களுக்கும் கொஞ்சம் போனஸ் விழும், எங்க ரோட்ல ஸ்பீட் பிரேக்கரும் குழியும் சேந்து ஆபீஸ் போறதுக்குள்ள சில நூறு ஏறிடும். ஆண்ட்டிகிட்ட போனைத் தூளில போடச் சொல்லுங்க அக்கா, அண்ணன் ஹேப்பி.

வார்டுசிஸ்டர்:
தம்பி, ஆப்பை ஏமாத்தலாம், மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி டெஸ்டை என்ன பண்ணுவ?

தாம்பரம்_தமிழச்சி:
இங்க யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். 2017ல நேச்சர் இதழ்ல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க ஒரு ஆய்வு போட்டாங்க, 111 நாட்டுல ஏழு லட்சம் பேருக்கு மேல, எல்லாம் போன்ல இருந்து எடுத்த ஸ்டெப் கணக்கு. ஹாங்காங் சராசரி 6,880, இந்தியா 4,297. அப்ப பேப்பர்லாம் "இந்தியர்கள் சோம்பேறிகள்"ங்கிற ரேஞ்சுல எழுதினாங்க, ஆம்பளைங்களைவிட பொம்பளைங்க கம்மியா நடக்குறாங்கன்னும் வந்துச்சு. வெளிய தனியா நடக்க முடியாத தெரு, நேரமே கெடைக்காதது இதெல்லாம் உண்மைதான், நான் இல்லைங்கல. ஆனா அதுல ஒரு பங்கு இந்தப் பாக்கெட் விவகாரம்தான்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன். ஆம்பளைக்கு போன் நாள் பூரா பேண்ட் பாக்கெட்ல, பாத்ரூம் வரைக்கும் கூடப் போகுது. எங்க வீட்ல எங்க அத்தை போனு சாமி ரூம் ஷெல்ஃப்ல, அம்மா போனு டிவி ஸ்டாண்டுல, என் போனு ஹேண்ட்பேக்ல. அந்த ஆய்வுல இருந்த பொம்பளைங்கள்ல எத்தனை பேரு போனு ஷெல்ஃப்ல உக்காந்திருந்துச்சோ. வீட்டு வேலைக்குக் கணக்கு வழக்கு எப்பவுமே கிடையாது, இப்ப சென்சாரும் அதையே பண்ணுது.

போன்டாக்டர்:
கரெக்ட் பாயிண்ட். போனைக் கையில எடுத்துட்டுப் போற நேரத்தை மட்டும்தான் அது எண்ணும், அதனால சாதாரண நாள்ல உண்மையைவிடக் கம்மியாத்தான் காட்டும்.

வைகைக்கரை மேடம், நீங்க ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அம்மா இடுப்புல போனை வச்சுட்டு, நீங்க கூடவே வாயால எண்ணிட்டு தெருவுல 100 எட்டு நடங்க. ஆப்ல 95ல இருந்து 105க்குள்ள வந்தா போன் ஓகே. ரொம்பக் கம்மியா வந்தா செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு பிசிக்கல் ஆக்டிவிட்டி பெர்மிஷன் இருக்கான்னு பாருங்க, ஆண்ட்ராய்டு 10ல இருந்து அது இல்லாம ஆப்பால ஸ்டெப்பே படிக்க முடியாது. அப்புறம் பேட்டரி செட்டிங்ல அந்த ஆப்பை "நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்"ல போடுங்க, பட்ஜெட் போன்ல பேட்டரி மிச்சம் பண்றேன்னு பின்னாடி ஓடுற ஆப்பையெல்லாம் கொன்னுரும். சென்சார் பாட்டுக்கு எண்ணிட்டு இருக்கும், கேட்டு வாங்க ஆப் உயிரோட இருக்காது. நடுவுல போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சென்சாரோட கணக்கு சைபர்ல இருந்து ஆரம்பிக்கும், ஆப் அதுக்குள்ள வாங்கி வைக்கலேன்னா அதுவும் போச்சு.

கிலோமீட்டரும் கலோரியும் காட்டுதே, அதைப் பெருசா எடுத்துக்காதீங்க. நீங்க போட்ட உயரத்தை வச்சு ஒரு எட்டு இவ்ளோ நீளம் இருக்கும்னு அதுவா அனுமானம் பண்ணிப் பெருக்கிக் காட்டுறதுதான். அண்ணன் அவசரத்துல அம்மா உயரத்துக்கு என்ன போட்டார்னு பாருங்க.

வைகைக்கரை:
பாத்தேன் சார். 180 செ.மீ! எங்க அம்மா என் தோளுக்குத்தான் வருவாங்க.

ஸ்காப்ரோவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில இருக்கிறன், இஞ்ச பனிக்காலத்தில வெளியில நடக்கேலாது, வழுக்கி விழுந்தா இடுப்பு முறிஞ்சிடும், அதால மோலுக்குள்ள தான் நடக்கிறது. என்னட்ட கைக்கு கட்டுற வோச் இருக்குது, மகள் வேண்டித் தந்தவ. ஒண்டு கவனிச்சனான், சாமான் வண்டில் தள்ளிக்கொண்டு நடந்தா வோச் சரியா எண்ணாது, கை அசையாதெல்லோ. அதே நேரம் ஜக்கெட் பொக்கெட்டுக்குள்ள இருக்கிற போன் ஒழுங்கா எண்ணுது. ஆகவே வோச் வேண்டினா எல்லாம் சரியெண்டு நினைக்க வேண்டாம் தங்கச்சி, அதுக்கும் அதின்ர குறை இருக்கு.

ஓஎம்ஆர்_பையன்:
வாட்ச் கட்டிட்டு சப்பாத்தி மாவு பிசைஞ்சா ஸ்டெப் ஏறும் அண்ணே, அது கணக்குல சரியாயிடும்.

ரிட்டயர்டு_ஹெச்எம்:
அன்பர்களே, நான் மொட்டை மாடியில் சாக்பீஸில் 8 போட்டு நடக்கிற ஆள். ஆப்பில் ஜிபிஎஸ் ஆன் பண்ணிவிட்டு அரைமணி நடந்தால் மேப்பில் என் கோடு பக்கத்து வீட்டு தண்ணி டேங்க் வழியாகப் போய் எதிர்வீட்டு மாமரத்தில் முடிகிறது. ஸ்டெப் எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ சரியாக வருகிறது. ஏன் இப்படி?

போன்டாக்டர்:
ஐயா, ஜிபிஎஸ்ல சில மீட்டர் முன்ன பின்ன இருக்கும். உங்க 8ஏ அந்த அளவுக்குள்ள அடங்கிடும், அதனால அதுக்கு நீங்க நின்ன எடத்துலயே உதறுற மாதிரித்தான் தெரியும். ஜிபிஎஸ் ஆஃப் பண்ணிட்டு ஸ்டெப்பும் நேரமும் மட்டும் பாருங்க, பேட்டரியும் மிச்சம்.

ரிட்டயர்டு_ஹெச்எம்:
நன்றி தம்பி. இன்னொன்று, போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் போனேன், இருபதாயிரத்தை நெருங்கியது. மறுநாள் ஆப் "நேற்றைவிட 85 சதவீதம் குறைவு, முயற்சி செய்யுங்கள்" என்று எனக்கு அறிவுரை சொல்கிறது. காலில் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தவனிடம்.

வார்டுசிஸ்டர்:
ஹாஹா, ரெஸ்ட் எடுங்க ஐயா, அதுக்கு என்ன தெரியும். 8 நடைன்னு சொன்னதால ஒண்ணு சொல்லிடறேன், சுகர் இருக்கவங்க தயவுசெஞ்சு வெறுங்கால்ல கூழாங்கல் மேலல்லாம் நடக்காதீங்க. பாதத்துல உணர்ச்சி கம்மியா இருந்தா கல்லு குத்துனதே தெரியாது, சாயங்காலம் சாக்ஸ்ல ரத்தம் பாத்துட்டுத்தான் வருவாங்க. நடந்து முடிச்சதும் பாதத்தைத் திருப்பி ஒரு தடவை பாக்கணும், குனிய முடியலேன்னா கண்ணாடி வச்சுப் பாக்கலாம். வைகைக்கரை, அம்மா என்ன மாத்திரை போடுறாங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தா நடக்கும்போது லோ சுகர் ஆக வாய்ப்பிருக்கு, ரெண்டு மிட்டாய் கையில இருக்கட்டும்.

ஸ்டெப்பைவிட எந்த நேரத்துல நடக்குறாங்கங்கிறதும் முக்கியம். 2016ல நியூசிலாந்து ஒடாகோ யுனிவர்சிட்டில டைப் 2 சுகர் இருக்க 41 பேரை வச்சுப் பாத்தாங்க. தெனம் ஒரே தடவை அரைமணி நடக்குறதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பத்து நிமிஷம் நடந்தப்ப, சாப்பிட்ட பின்னாடி ஏறுற சுகர் சராசரியா 12 சதவீதம் கம்மியா இருந்துச்சு. நைட்டு சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது, நாம அப்பத்தான நல்லாத் தின்னுட்டு சாய்வோம். பத்து நிமிஷம்னா நிமிஷத்துக்கு நூறு ஸ்டெப்னு வேகம் வச்சா ஆயிரம் ஸ்டெப். மூணு வேளைக்கு மூவாயிரம். அம்மா வீட்டு வேலையை நான் கொறைச்சு சொல்லல, ஆனா அது விட்டு விட்டு நடக்குறது, மூச்சு கொஞ்சம் வாங்குற மாதிரி ஒரே மூச்சா நடக்குறதும் வேணும். டபிள்யூஹெச்ஓ சொல்ற வாரத்துக்கு 150 நிமிஷம் அந்த மாதிரி நடைதான்.

ரேஸ்கோர்ஸ்நடையன்:
இதத்தானுங்க நானும் சொன்னேன், கிச்சன் நடை நடையில்லைன்னு.

வார்டுசிஸ்டர்:
பாதி சொன்னீங்க ஐயா!

வைகைக்கரை:
அப்டேட் குடுக்குறேன். தையக்கடையில குடுத்து அம்மா நைட்டிக்கெல்லாம் சைடுல ஆழமா பாக்கெட் வச்சு வாங்கிட்டேன், சேலை கட்டுறப்ப இடுப்புல சுருக்குப்பை, போன் சின்னதுங்கிறதால உள்ள போயிருது. 100 எட்டு டெஸ்ட்ல 97 வந்துச்சு. இப்ப வீட்டு வேலையோடயே நாலாயிரத்துக்கு மேல காட்டுது, ராத்திரி சாப்ட்டுட்டு நானும் அம்மாவும் தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வர்றோம், அது தனி. கிச்சன்ல போன் எண்ணாததையும் சோதிச்சுப் பாத்தேன், இட்லி ஊத்தி எடுத்து சட்னி அரைச்சு முடிக்கிற வரைக்கும் அம்மா நிக்கவே இல்ல, ஆப்ல முப்பத்திச் சொச்சம் ஏறியிருந்துச்சு அவ்ளோதான்.

அண்ணன்கிட்ட இந்தப் பேச்சையெல்லாம் அனுப்பினேன். "சரி, ஒரு வாட்ச் வாங்கி அனுப்புறேன்"ங்கிறான். அவன் திருந்துறதா இல்ல. குரூப்ல போடக்கூடாது, எனக்கு மட்டும் வாரத்துக்கு ஒருதடவை கேளுன்னு சொல்லிட்டேன், பாப்போம். அம்மாவுக்கு வாட்ச் வேணுமா?

தாம்பரம்_தமிழச்சி:
அம்மாவைக் கேளுங்க. பாத்திரம் கழுவுற கையில ரப்பர் ஸ்ட்ராப் கட்டினா அரிக்கும், அதைக் கழட்டி ஃபிரிட்ஜ் மேல வச்சா பழைய கதைதான்.

போன்டாக்டர்:
வாங்கினா ஒண்ணு கவனிங்க, போனும் வாட்சும் ரெண்டும் எண்ணும். ஐபோன்ல ஹெல்த் ஆப்பும், ஆண்ட்ராய்டுல ஹெல்த் கனெக்டும் எதை முதல்ல எடுத்துக்கணும்னு வரிசை போட்டு ரெட்டையா விழாமப் பாத்துக்கும், அந்த வரிசைல வாட்சை மேல வைங்க. வாட்ச் கம்பெனி ஆப் தனியா காட்டுற நம்பர் வேறயா இருக்கும், ரெண்டையும் கூட்டி அண்ணனுக்கு அனுப்பிடாதீங்க.

ஓஎம்ஆர்_பையன்:
அனுப்பினாத்தான என்ன. சரி ஒரு டவுட், நான் போன் மாத்தப் போறேன், பழைய ஸ்டெப் ஹிஸ்டரி எல்லாம் போயிடுமா?

போன்டாக்டர்:
எந்த ஆப்னு பொறுத்தது தம்பி. ஹெல்த் கனெக்ட் டேட்டா போனுக்குள்ளயேதான் இருக்கும், அதனால நீ யூஸ் பண்ற ஆப்ல அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணி சிங்க் (கணக்கை ஆன்லைன்லயும் சேத்து வைக்கிற வசதி) ஆன் பண்ணு, ஒருநாள் விட்டு வேற போன்லயோ வெப்லயோ லாகின் பண்ணி பழைய நாள் கணக்கு தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் பழைய போனை ரீசெட் அடி. லாகினே இல்லாத ஆப்னா எக்ஸ்போர்ட் ஆப்ஷன் இருக்கான்னு தேடு, இல்லேன்னா ஸ்க்ரீன்ஷாட்தான்.

ஓஎம்ஆர்_பையன்:
தூளில ஏத்தினவர் கேக்கச் சொன்னார், அதான்.